இரண்டு கல்லுக்கும் ஒரே எண்ணெய்

எங்கள் வீட்டுக்கார அம்மாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூங்காவுக்குப் போனால் பெரிய வாசல் வழியாகத்தான் நுழைவார். நுழைந்த கையோடு இடது பக்கம் திரும்பி, வாத்துக் குளத்தின் ஓரமாகச் சேற்றில் இறங்கிவிடுவார். நேரே போனால் சரளைக்கல் கொட்டிய அகலமான பாதை இருக்கிறது. குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள், தொப்பி வைத்த கிழவர்கள், நாயோடு வருகிறவர்கள் எல்லோரும் அதில்தான் போவார்கள். நாங்கள் மூன்று பேர் மட்டும் குளக்கரையில் வழுக்கி வழுக்கிப் போய், மரங்களுக்குப் பின்னால் சுற்றிவந்து, மறுபடி அதே பாதையில் ஏறிக்கொள்வோம். குளிருக்கென்று நான் வாங்கியிருந்த ஒரே நல்ல ஷூ அந்தச் சேற்றில்தான் வீணாய்ப் போனது.

அறுபதுகளின் கடைசி அது. ஜெர்மனியில் ஹம் நகரத்திலிருந்து ரயிலில் சில நிறுத்தங்கள் தள்ளி, நிலக்கரிச் சுரங்கத்தை நம்பியிருந்த சின்ன ஊர். என் கணவர் ஓர் எஃகு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்ய வந்தார். நான் அவரைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்காக வந்தேன். வேதியியல் படித்தவள் என்று சொல்லி மருத்துவமனை லேபில் வேலை கேட்டேன். சீசா கழுவக் கொடுத்தார்கள். கழுவினேன். அந்த ஊரிலேயே என் சீசாக்கள்தான் சுத்தம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

வீட்டுக்கார அம்மாள் கணவரை இழந்தவர். அறுபது வயதைத் தாண்டியிருந்தார். கீழே அவர், மாடியில் இரண்டு அறைகளில் நாங்கள். என் கணவர் டாக்டர் பட்டம் வாங்க இன்னும் காத தூரம் இருந்தபோதே அவரை 'ஹெர் டாக்டர்' என்று கூப்பிட்டுக் கெடுத்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் கீழே இருந்து மாடிப்படியைக் குடைக் காம்பால் தட்டுவார். நடக்கப் போகவேண்டும் என்று அர்த்தம். மழையாக இருந்தாலும் தட்டுவார். ஜெர்மானியர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நடை என்பது நமக்கு எண்ணெய்க் குளியல் மாதிரி. செய்யாவிட்டால் உடம்புக்கு ஏதோ ஆகிவிடும் என்று நம்புகிறார்கள்.

"இந்தம்மாவுக்கு நல்ல பாதையே கண்ணுக்குத் தெரியாதா?" என்று ஒருநாள் இவரிடம் கேட்டேன்.

"வாத்து பாக்கப் பிடிக்கும் போல இருக்கு. விடும்மா," என்றார். இவர் எதையும் விடும்மா என்று சொல்லிவிடுகிற ஆள்.

அந்த அம்மாளின் சமையலறையில் ரொட்டிப் பெட்டிக்கு மேலே ஒரு பையனின் படம் மாட்டியிருக்கும். மீசை அப்போதுதான் அரும்பின முகம், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பான். யார் என்று கேட்டதற்கு, "அண்ணன். சண்டையில போயிட்டான்," என்று மட்டும் சொல்லியிருந்தார். எந்தச் சண்டை என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு அப்படி ஒரு படம் இருந்தது. ஏதோ ஓர் உலகப் போர் என்று நாங்களாகவே கணக்குப் போட்டுக்கொண்டோம்.

எழுபதாம் ஆண்டு பிறந்து சில வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி தட்டும் சத்தம் வரவில்லை. என்னவோ ஏதோ என்று கீழே இறங்கிப் போனோம். மேஜைமேல் உள்ளூர்ப் பத்திரிகை விரிந்திருந்தது. காப்பி ஆறிப்போயிருந்தது. அம்மாள் எங்களை உட்காரச் சொன்னார்.

"பூங்காவுல அந்தச் சண்டைக்கு ஞாபகப் பாதை போடப் போறாங்களாம். அம்பது வருஷம் ஆச்சாம்," என்றார்.

அன்றைக்குத்தான் எங்களுக்குக் கதை தெரிந்தது. முதல் உலகப் போர் முடிந்த கொஞ்ச நாளில் பெர்லினில் சில தளபதிகள் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தார்கள். அதை எதிர்த்து நாடெங்கும் வேலைநிறுத்தம். இந்தப் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் துப்பாக்கியையே எடுத்துவிட்டார்கள். தளபதிகள் தோற்றுப் போனார்கள். ஆனாலும் எடுத்த துப்பாக்கியைத் தொழிலாளர்கள் கீழே வைக்கவில்லை. அவர்களை அடக்க அரசாங்கம் படையை அனுப்பியது. வந்தவர்களில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சேர்ந்த மாணவர்களும் உண்டு. இந்த ஊரில் சண்டை நடந்த இடம் அப்போது வெறும் காடு. பிற்பாடு அதைத்தான் திருத்திப் பூங்காவாக்கினார்கள். அந்த அம்மாளின் அண்ணன் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். சண்டை ஓய்ந்தபிறகு பிடிபட்டவர்களோடு சேர்த்து அவனையும் ரயில் மேட்டருகே நிற்கவைத்துச் சுட்டார்கள். அம்மாள் அப்போது பள்ளிக்கூடத்துச் சிறுமி. பார்க்கப் போகக்கூடாது என்று அவருடைய தாயார் கதவைத் தாழிட்டிருந்தார்களாம்.

"சிப்பாய்ங்க பக்கத்துலயும் செத்தாங்க. அவங்களுக்கு அப்பவே கல்லு வெச்சாச்சு. நீங்க பாத்திருக்க மாட்டீங்க. பெரிய பாதையில, ஆரம்பத்துலயே இருக்கு. அதுக்கு முன்னால நான் நடக்க மாட்டேன்," என்றார்.

ஐம்பது வருடம் அந்தப் பெண்பிள்ளை சேற்றைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். என் ஷூவைப் பற்றி அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

ஞாபகப் பாதை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இருக்கிற சரளைப் பாதையின் ஓரமாக, இங்கே இது நடந்தது, அங்கே அது நடந்தது என்று பலகைகள் நடுவார்கள். தொடக்கத்தில் சிப்பாய்களின் பழைய கல். பாதை முடிகிற ரயில் மேட்டருகே புதிதாக ஒரு கல், சுடப்பட்டவர்களின் பெயரோடு. இந்தப் புதிய கல்லுக்குத்தான் ஊரில் அமளி. இறைச்சிக் கடை வரிசையில் நின்றால்கூட அதே பேச்சு. துப்பாக்கி தூக்கின கலகக்காரனுக்கு நகராட்சி நிலத்தில் கல்லா என்று பாதிப் பேர். அவன் தூக்காவிட்டால் தளபதிதானே ஆண்டிருப்பான் என்று மீதிப் பேர். செத்துப்போனவர்களுக்காக இப்படி முறைத்துக்கொள்கிறவர்கள் எடை போடும்போது மட்டும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லத் தவறவில்லை. அதுவும் அந்த ஊர்க் குணம்.

நகராட்சி உறுப்பினர் ஒருவர் இருந்தார். இரும்புச் சாமான் கடைக்காரர், நல்ல உயரம், பச்சைத் தொப்பியைத் தலையிலிருந்து எடுக்கவே மாட்டார். கல்லே கூடாது என்று கடைசிவரை நின்றார். முடியாமல் போனதும் ஒரு நிபந்தனை போட்டார். இந்தக் கல்லால் ஊருக்குள் எந்தக் கலாட்டாவும் வரக்கூடாது. ஒருவன் வந்து கீறினாலும் சரி, பூசினாலும் சரி, கல்லைப் பெயர்த்து நகராட்சிப் பண்டகசாலையில் போட்டுவிடவேண்டும். மற்றவர்கள் சரி என்று தலையாட்டிவிட்டார்கள்.

அம்மாளுக்கு அந்த நிபந்தனை தெரியும். "போட்டும். நாங்க யாரும் கலாட்டா பண்ணப் போறதில்ல," என்றார். அண்ணனின் பெயரை ஓர் இடத்திலாவது எழுத்தில் பார்த்துவிடவேண்டும், அதுதான் அவருக்கு. அந்தப் பையனை எல்லோரோடும் ஒரே குழியில் போட்டு மூடியிருந்தார்கள். அந்த இடத்தில் பெயர் கிடையாது.

வசந்தத்தில் திறப்பு விழா நடந்தது. பித்தளை வாத்தியக் கோஷ்டி வந்தது, நகரத் தலைவர் நீளமாகப் பேசினார், பக்கத்திலேயே சாசேஜ் சுட்டு விற்றார்கள். எல்லோரும் பாதை வழியாக ஊர்வலமாகப் போனார்கள். அம்மாள் தன் நல்ல கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு குளக்கரையைச் சுற்றி வந்தார். கையில் பான்சிப் பூத்தொட்டி ஒன்று.

புதிய கல் வெளிறிய மணற்கல். எழுத்தை வெட்டினவர் ஆழமாக வெட்டவில்லை. மத்தியான வெயில் நேராக விழுந்ததில் ஓர் எழுத்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. கூட்டம் கலைந்தபிறகு அம்மாள் கல்லின் முன்னால் குனிந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. அதைச் சுற்றியே மறுபடி மறுபடி தடவினார். பிறகு பூத்தொட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இருக்கான்," என்றார்.

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். இவர் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டு கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். தர்மபுரிப் பக்கம். கறுப்புச் சட்டைக் குடும்பம். எங்கள் கல்யாணத்தில் ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை, ஒலிபெருக்கியில் சொற்பொழிவுதான். நான் டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்த சின்னப் பிள்ளையாரைப் பார்த்து, "இவருக்கு விசா வாங்கினியா?" என்று கேட்ட மனுஷன். நான் விளக்கேற்றினால் தீப்பெட்டி வீண் என்பார். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

விழா முடிந்த அடுத்த வாரம் வேலையிலிருந்து வந்து சமையலறை அலமாரியைத் திறந்தேன். என் நல்லெண்ணெய் சீசா பாதியாகக் குறைந்திருந்தது. வுப்பர்டாலில் படித்துக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பையன் ஊருக்குப் போய் வந்தபோது, வேட்டியில் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தது அது. அந்தக் காலத்தில் அந்த ஊரில் நல்லெண்ணெய்க்கு எங்கே போவது? இட்லிப் பொடிக்குக்கூட அரை ஸ்பூனுக்கு மேல் ஊற்றமாட்டேன். தலைக்கு வைக்க ஆசை வந்தால் மோந்து பார்த்துவிட்டு மூடிவைப்பேன்.

இவர் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அதற்குள் கீழே அம்மாள் கூப்பிட்டார். போனேன். பத்திரிகையைத் தூக்கி என்னிடம் நீட்டினார். பூங்காவின் புதிய நினைவுக்கல்லில் யாரோ எண்ணெயை ஊற்றி நாசம் செய்திருக்கிறார்கள் என்று செய்தி. படமும் இருந்தது. வெளிறிய கல்லின் மேலிருந்து கீழ்வரை கறுத்த திட்டு. அடியில் வழிந்து ஓடின கோடுகள்.

"இஞ்சின் எண்ணெயா இருக்கும். ஒரு வாரம்கூட விட்டு வைக்கல," என்றார். "இனி எடுத்துருவாங்க. அவங்களுக்கு இது போதும்."

அழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அலமாரியில் குறைந்த எண்ணெய் எங்கே போயிருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பத்திரிகையோடு மாடிக்கு ஓடிவந்தேன்.

இவர் வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "எண்ணெய் எங்கே?" என்றேன்.

திருதிருவென்று முழித்தார். "கல்லுக்குத் தடவினேன்," என்றார். "நேத்து காலையில வேலைக்குப் போறப்ப. எழுத்தே தெரியலம்மா. அந்தம்மா விரலால தேடிட்டு இருந்தாங்க. எங்க வயல் வரப்புல ஒரு நடுகல் இருக்கு இல்ல, எண்ணெய் தடவினா கத்தி, குதிரை எல்லாம் பளிச்சினு தெரியும். அந்த மாதிரி தெரியும்னு பாத்தேன்."

"பிள்ளையாருக்கு விசா கேட்ட ஆளா நீங்க?"

"இது சாமி இல்லம்மா. சண்டையில செத்துப்போன ஆளு." இதைச் சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கிவிட்டது. "காய்ஞ்சு கிடக்கற மாதிரி இருந்துச்சு. பாக்க முடியல."

தர்மபுரிக்காரனைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி போகாது. அங்கே கருங்கல், எண்ணெய் மேலோடு நின்று பளபளக்கும். இங்கே மணற்கல், ஊற்றினதையெல்லாம் குடித்துவிட்டது. உலோகத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிற விஞ்ஞானிக்கு அது தோன்றவில்லை. பத்திரிகைப் படத்தை எடுத்து நீட்டினேன். பேயறைந்த மாதிரி நின்றார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. எங்கள் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் அது. அயலான் ஒருத்தன் ஊர்ச் சண்டைக்குள் புகுந்து நினைவுக்கல்லைக் கெடுத்தான் என்று எழுதிவிட்டால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். சும்மா இருந்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றுகூட எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் கீழே அந்த அம்மாள் மேஜை விரிப்பை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, முதல்ல அவங்ககிட்ட சொல்லுவோம்," என்று நான் எழுந்தேன். அவர் எனக்கு முன்னாலேயே கதவைத் திறந்திருந்தார்.

இவர் தன் ஆராய்ச்சி ஜெர்மனில் தடுக்கித் தடுக்கி எல்லாவற்றையும் சொன்னார். அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார். என் கையிலிருந்த பத்திரிகையை மறுபடி வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"சமையல் எண்ணெயா?"

"நல்ல எண்ணெய்," என்றேன் நான். "எங்ககிட்ட இருக்கறதுலயே நல்லது." அதை மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"உங்க ஊர்ல இதை யாருக்குப் பண்ணுவீங்க? ஜெயிச்சவங்களுக்கா, தோத்தவங்களுக்கா?"

இவர் கொஞ்சம் யோசித்தார். "எங்க வயல்ல இருக்கற ஆளு எந்தப் பக்கம்னு எங்களுக்கே தெரியாதுங்க. ஏதோ மாட்டுச் சண்டைன்னு சொல்வாங்க. செத்துட்டான், கல்லு இருக்கு. எண்ணெய் தடவுவோம்."

அம்மாள் எழுந்து எங்களுக்குக் காப்பி போட்டார். கோபமா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நாளைக்குக் கல்லைப் பார்க்க நகராட்சி ஆட்கள் வருகிறார்கள், அவர்களிடமே சொல்லிவிடுங்கள், நானும் கூட வருகிறேன் என்றார்.

மறுநாள் லேபில் விடுப்புச் சொல்லிவிட்டு நானும் போனேன். அம்மாள் கிளம்பும்போது அந்த எண்ணெய் சீசாவை எடுத்து வரச்சொன்னார். காட்டினால்தான் இஞ்சின் எண்ணெய் இல்லையென்று நம்புவார்கள் என்றார். அதையும் ஒரு பழந்துணியையும் பையில் போட்டுக்கொண்டேன். போனதும் குளக்கரை வழியாகத்தான்.

கல்லருகே தோட்டத்துறை அதிகாரி, கல்லை வெட்டின கொத்தர், பச்சைத் தொப்பிக்காரர் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். இவர் நேராகப் போய், "நான்தான் செய்தேன்," என்றார். அனுமதிச் சீட்டை யாரும் கேட்காமலே கோட்டுப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். எதற்காகச் செய்தார் என்று சொல்லி முடித்ததும், அதிகாரி என் சீசாவை வாங்கி மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்தார். "வறுத்த வாசனை வருதே," என்று கொத்தரிடம் கொடுத்தார். அவரும் மோந்தார். என் எண்ணெயை இப்படி ஊரே மோந்து பார்க்கும் என்று நான் நினைக்கவில்லை.

அதிகாரி நல்ல மனிதர். இது நாசவேலை இல்லை என்று ஒப்புக்கொண்டு சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் கல்லின் கதை அதோடு முடியவில்லை. கறை போகுமா என்று கொத்தரைக் கேட்டார்கள். உள்ளே இறங்கிவிட்டது, மேல்பாகத்தை இழைத்து எடுத்தால்தான் போகும், இழைத்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும் என்றார் அவர்.

பச்சைத் தொப்பிக்காரர் அதற்காகத்தான் காத்திருந்தார். "யார் பண்ணாங்கங்கறது பேச்சில்ல. சிப்பாய்ங்க கல்லு சாதாரணமா நிக்குது, இந்தக் கல்லுக்கு மட்டும் அபிஷேகம் நடந்திருக்கு. நாளைக்கு ஊர்ல என்ன சொல்வாங்க? நகராட்சி ஒரு பக்கம் சாயுதுன்னு சொல்வாங்க. எனக்கு இரண்டும் ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா இதை எடுத்துடணும்," என்றார்.

அபிஷேகம் என்ற சொல் நான் போட்டது. அவர் தங்கள் மாதாகோயில் சொல் ஒன்றைச் சொன்னார். பொருள் அதுதான். அதிகாரி தாடையைச் சொறிந்துகொண்டார்.

அம்மாள் கல்லுக்குக் கிட்டே போய் நின்றார். கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். வழிந்த கோடுகள் அசிங்கமாகத்தான் இருந்தன. ஆனால் கறுத்த இடத்தில் எழுத்துகள் எழுந்து நின்றன. அவருடைய அண்ணன் பெயரை நான் தள்ளி நின்றபடியே படித்தேன்.

"அப்ப அதுக்கும் பூசிட்டா ஒண்ணா ஆயிடும் இல்ல?" என்று கேட்டார் அம்மாள்.

"எதுக்கு?"

"உங்க கல்லுக்கு."

தொப்பிக்காரர் சிரித்துவிட்டார். "யாரு பூசுவா? நீங்களா? அம்பது வருஷமா அந்தப் பக்கமே நீங்க வந்ததில்லைன்னு ஊருக்கே தெரியுமே."

அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மிச்சம் இருக்கா?" என்றார்.

சீசாவைத் தூக்கிக் காட்டினேன். அடுத்த தீபாவளிக்கு ஒரு சொட்டாவது இருக்கட்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கணக்கை அங்கேயே விட்டுவிட்டேன்.

அவர் பெரிய பாதையில் நடக்க ஆரம்பித்தார். நாங்கள் பின்னால் போனோம். பலகைகளைத் தாண்டி, மரங்களைத் தாண்டி, எதிரே நாயோடு வந்தவர்கள் ஒதுங்கி நின்று வணக்கம் சொல்ல, அவர் எதையும் பார்க்காமல் நடந்தார். கல் கண்ணில் பட்டதும் நடை தளர்ந்தது. இவர் கையைக் கொடுத்தார். வேண்டாம் என்று தலையாட்டினார்.

அதுவும் மணற்கல்தான். பழையது, பாசி பிடித்தது. உச்சியில் சிலுவையும் ஓக் இலைகளும் செதுக்கியிருந்தன. எழுத்துகள் மழையில் கரைந்து மழுங்கிப் போயிருந்தன. அவ்வளவு சண்டை போட்ட ஊரில் அதை யாரும் தேய்த்துக் கழுவினதாகக்கூடத் தெரியவில்லை.

அம்மாள் துணியை எண்ணெயில் நனைத்தார். கை கல்லுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது. நெடுநேரம் அப்படியே நின்றார். உதடு மட்டும் அசைந்தது; ஜெபமா, திட்டா, எனக்குத் தெரியாது. நான் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். அண்ணனைக் கொன்றவர்களின் கல்லைத் தங்கையையே துடைக்க வைப்பது என்ன நியாயம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தபோது அவர் துணியைக் கல்லில் வைத்துவிட்டார்.

வைத்தபிறகு நிறுத்தவில்லை. தரை துடைக்கிற மாதிரி அழுத்தித் தேய்த்தார். கீழிருந்து மேலே போனார். உச்சி எட்டவில்லை.

"நீங்கதான் உயரமா இருக்கீங்களே," என்றார் தொப்பிக்காரரைப் பார்த்து. "மேல நீங்க தேயுங்க."

அவர் முகம் சிவந்தது. அதிகாரியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் துணியை வாங்கிக்கொண்டார். தலையில் முடியே இல்லை. எண்ணெய் வழிந்து சட்டைக் கைக்குள் இறங்கியது. இலைகளையும் சிலுவையையும் தேய்த்தார். சீசாவைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் நான் துணியில் விட்டேன்.

கல் கறுக்கக் கறுக்க எழுத்து மேலே வந்தது. அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். ஐம்பது வருடமாக அவர் படிக்காத கல். விரல் வைத்துத் தேடவேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்தார். பெயருக்குப் பக்கத்தில் ஊரும் எழுதியிருந்தது. எல்லாம் தெற்கே, ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து ஊர்கள். ரயிலில் போனாலே ஒரு பகல் பிடிக்கும். ஊரைப் படிக்கும்போது அவர் குரல் மாறியது.

"இவ்வளவு தூரத்துல இருந்தா வந்திருக்காங்க?" என்றார். பிறகு அவரே சொன்னார்: "அப்ப ஞாயித்துக்கிழமை இவங்களைப் பாக்க யாரும் வந்திருக்க முடியாது."

தொப்பிக்காரர் துணியைப் பிழிவது போல முறுக்கிக்கொண்டு நின்றார். நான் தொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோதும் அதைத் தலையில் வைக்கவில்லை. புதிய கல்லை எடுப்பது பற்றி அன்றைக்கும் அதற்குப் பிறகும் அவர் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் மாடிப்படி தட்டும் சத்தம் கேட்டது. நான் சேற்றுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினேன். அம்மாள் வாசலில் நின்றிருந்தார். கையில் பான்சிப் பூத்தொட்டி இரண்டு.